அமெரிக்காவின் அரசு அறிவியல் உயர்நிலைப் பள்ளிகள்: மாணவர் சேர்க்கை நடைபெறுவது எப்படி?

அமெரிக்காவில் ஒரு குழந்தை எந்த அரசுப் பள்ளியில் படிக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் வீட்டு முகவரியே தீர்மானிக்கிறது. குடியிருக்கும் பகுதிக்கென ஒதுக்கப்பட்ட பள்ளியில் இடம் தானாகவே கிடைத்துவிடும். தேர்வோ நேர்காணலோ கிடையாது. இந்தப் பொது விதிக்கு விலக்காக, கணிதத்துக்கும் அறிவியலுக்கும் முதன்மை அளிக்கும் சில அரசு உயர்நிலைப் பள்ளிகள் உள்ளன. கல்விக் கட்டணம் இல்லாத இப்பள்ளிகளில் இடம் பெற, மாணவர்கள் விண்ணப்பித்துப் போட்டியிட வேண்டும். ஒரு இடத்துக்குப் பலர் போட்டியிடுவதால், சேர்க்கை முறையில் செய்யப்படும் சிறிய மாற்றம்கூட நகர அரசியலிலும் நீதிமன்றங்களிலும் பெரும் விவாதமாக வெடிக்கிறது.

நியூயார்க் நகரிலும், வாஷிங்டன் தலைநகரை ஒட்டிய வடக்கு வர்ஜீனியாவிலும் வாழும் இந்திய வம்சாவளிக் குடும்பங்களுக்கு இந்த விவாதம் புதிதல்ல. இப்பள்ளிகளில் பயில்வோரில் ஆசிய அமெரிக்க மாணவர்களே அதிகம். பணி நிமித்தமாக இந்தியாவிலிருந்து அங்கு குடியேறும் பெற்றோர், சேர்க்கை நடைமுறையை அறிந்துகொள்வதற்குள் விண்ணப்பக் காலம் கடந்துவிடுவதும் உண்டு. இப்பள்ளிகளின் வரலாறு, மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறைகள், அவற்றைச் சுற்றியுள்ள வழக்குகள், விண்ணப்பிப்போர் கவனிக்க வேண்டியவை ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

மூன்று வகைப் பள்ளிகள்

அமெரிக்காவில் பள்ளிக் கல்வி 12 ஆம் வகுப்புடன் நிறைவடைகிறது. உயர்நிலைப் பள்ளி என்பது பொதுவாக 9 முதல் 12 வரையிலான நான்கு வகுப்புகளைக் குறிக்கும். போட்டி முறையில் மாணவர்களைச் சேர்க்கும் அரசு அறிவியல் பள்ளிகளை, அவற்றின் சேர்க்கை முறையைக் கொண்டு மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, ஒரே எழுத்துத் தேர்வின் மதிப்பெண்ணை மட்டும் கணக்கில் கொள்பவை. நியூயார்க் நகரின் சிறப்பு உயர்நிலைப் பள்ளிகள் இதற்கு எடுத்துக்காட்டு. இரண்டாவது, தேர்வுக்குப் பதிலாகப் பள்ளி மதிப்பெண், கட்டுரை, குடும்பச் சூழல் ஆகியவற்றைச் சேர்த்து மதிப்பிடுபவை. வர்ஜீனியா மாநிலத்தின் தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி 2021 முதல் இந்த வகையைச் சேர்ந்தது. மூன்றாவது, மாநிலம் முழுவதிலுமிருந்து மாணவர்களைத் தேர்ந்தெடுத்து விடுதியில் தங்கவைத்துக் கற்பிக்கும் பள்ளிகள். வட கரோலினா அறிவியல் கணிதப் பள்ளியும், இல்லினாய் கணித அறிவியல் அகாடமியும் இவ்வகையில் முன்னோடிகள்.

நியூயார்க்: ஒரு தேர்வு, ஒரு தரவரிசை

நியூயார்க் நகரின் ஸ்டைவசன்ட் உயர்நிலைப் பள்ளி 1904 இல் தொடங்கப்பட்டது. புரூக்ளின் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி 1922 இலும், பிராங்க்ஸ் அறிவியல் உயர்நிலைப் பள்ளி 1938 இலும் உருவாயின. இவற்றில் ஸ்டைவசன்ட் பள்ளி 1969 வரை ஆண்களை மட்டுமே சேர்த்தது. ஒரு மாணவி நீதிமன்றத்தை நாடியதைத் தொடர்ந்தே பெண்களுக்கும் அதன் கதவு திறந்தது.

இப்பள்ளிகளின் பெருமைக்கு அவற்றின் முன்னாள் மாணவர்கள் ஒரு காரணம். பிராங்க்ஸ் பள்ளியில் ஒரே வகுப்பில் படித்த ஸ்டீவன் வைன்பெர்க், ஷெல்டன் கிளாஷோ ஆகிய இருவரும், பாகிஸ்தானின் அப்துஸ் சலாமுடன் சேர்ந்து 1979 ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். 2023 இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டினும் இப்பள்ளியின் மாணவியே. 1981 இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற ரோல்ட் ஹாஃப்மன் ஸ்டைவசன்ட் பள்ளியில் படித்தவர்.

இந்த மூன்று பள்ளிகளிலும் போட்டித் தேர்வின் அடிப்படையில் மட்டுமே மாணவர்களைச் சேர்க்க வேண்டும் என்று 1971 ஆம் ஆண்டின் ஹெக்ட் - கலாண்ட்ரா சட்டம் கூறுகிறது. இது நியூயார்க் மாநிலச் சட்டம். எனவே மேயரோ நகரக் கல்வித் துறையோ விரும்பினாலும் இம்மூன்று பள்ளிகளின் சேர்க்கை முறையைத் தாமாக மாற்ற இயலாது. மாநிலச் சட்டமன்றமே திருத்தம் கொண்டுவர வேண்டும். பிற்காலத்தில் மேலும் ஐந்து பள்ளிகள் இந்தத் தேர்வு முறைக்குள் கொண்டுவரப்பட்டன. அவற்றில் குயின்ஸ் அறிவியல் பள்ளி, ஸ்டேட்டன் ஐலண்ட் தொழில்நுட்பப் பள்ளி, சிட்டி கல்லூரி வளாகத்தில் உள்ள கணித அறிவியல் பொறியியல் பள்ளி ஆகியவை அடங்கும். ஆக, எட்டுப் பள்ளிகளுக்கும் ஒரே தேர்வு நடத்தப்படுகிறது.

நியூயார்க் நகரில் வசிக்கும் 8 ஆம் வகுப்பு மாணவர்கள் இத்தேர்வை எழுதலாம். தனியார் பள்ளிகளில் படிப்போருக்கும் தடையில்லை. 9 ஆம் வகுப்பில் முதன்முறையாகப் படிப்போர், 10 ஆம் வகுப்பில் உள்ள குறைந்த எண்ணிக்கையிலான இடங்களுக்காக எழுதலாம். கட்டணம் கிடையாது. 3 மணி நேரத் தேர்வில் ஆங்கிலத்தில் 57, கணிதத்தில் 57 என மொத்தம் 114 வினாக்கள் கேட்கப்படுகின்றன. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. ஒவ்வொரு பிரிவிலும் 10 வினாக்கள் எதிர்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கப்படுபவை. அவற்றுக்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் எவை அந்த வினாக்கள் என்பது தேர்வு எழுதுவோருக்குத் தெரியாது. நீண்ட காலம் தாளில் நடத்தப்பட்ட இத்தேர்வு, 2025 முதல் கணினி வழியில் நடத்தப்படுகிறது.

கட்-ஆஃப் உருவாகும் விதம்

தேர்வுக்குப் பதிவு செய்த மாணவர், எட்டுப் பள்ளிகளில் தமக்கு விருப்பமானவற்றை வரிசைப்படுத்தித் தர வேண்டும். மதிப்பெண் பட்டியலில் முதலிடம் பெற்றவருக்கு அவர் முதலில் குறிப்பிட்ட பள்ளியில் இடம் தரப்படுகிறது. அடுத்து இரண்டாமவர், மூன்றாமவர் எனப் பட்டியல் கீழிறங்குகிறது. ஒருவரின் முறை வரும்போது அவரது முதல் விருப்பப் பள்ளி நிரம்பியிருந்தால் இரண்டாவது விருப்பம் பார்க்கப்படும். ஒரு பள்ளியில் கடைசியாக இடம்பெற்ற மாணவரின் மதிப்பெண்ணே அந்த ஆண்டுக்கான கட்-ஆஃப் ஆகிறது. அதாவது, கட்-ஆஃப் முன்கூட்டியே நிர்ணயிக்கப்படுவதில்லை, ஆண்டுதோறும் மாறுகிறது.

இதனால் ஒரு நடைமுறை உண்மை பெற்றோருக்குத் தெளிவாக வேண்டும். இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம் என்று கருதி, உண்மையில் விரும்பாத பள்ளியை முதலில் எழுதுவதால் எந்தப் பயனும் இல்லை. முதல் விருப்பம் கிடைக்காமல் போனாலும், இரண்டாவது பள்ளிக்கான போட்டியில் அந்த மாணவரின் மதிப்பெண் அப்படியே நிற்கும். ஆகவே உண்மையான விருப்ப வரிசையைத் தருவதே சரியான வழி.

ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 25,000 மாணவர்கள் தேர்வு எழுத, சுமார் 4,000 பேருக்கு இடம் கிடைக்கிறது. பொதுவாக இலையுதிர் காலத்தில் தேர்வும், அடுத்த ஆண்டின் வசந்த காலத் தொடக்கத்தில் முடிவும் வெளியாகின்றன.

எண்கள் எழுப்பும் கேள்வி

தேர்வு மதிப்பெண் ஒன்றையே பார்க்கும் முறையில் சிபாரிசுக்கோ செல்வாக்குக்கோ இடமில்லை என்பது ஆதரவாளர்களின் வாதம். ஸ்டைவசன்ட் பள்ளியில் படிக்கும் ஆசிய அமெரிக்க மாணவர்களில் பலர், புதிதாகக் குடியேறிய, வருமானம் குறைந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்பதை அவர்கள் சுட்டிக்காட்டுகின்றனர்.

எதிர்த் தரப்பினர் வேறோர் எண்ணை முன்வைக்கின்றனர். 2019 இல் ஸ்டைவசன்ட் பள்ளி அளித்த 895 இடங்களில் கறுப்பின மாணவர்களுக்குக் கிடைத்தவை 7 மட்டுமே. நகர அரசுப் பள்ளிகளின் மொத்த மாணவர்களில் கறுப்பின, லத்தீன் அமெரிக்க வம்சாவளி மாணவர்கள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர். தேர்வுப் பயிற்சிக்குப் பணம் செலவிட முடிந்த குடும்பங்களுக்கும், அப்படியொரு தேர்வு இருப்பதையே அறியாத குடும்பங்களுக்கும் இடையிலான இடைவெளியைத் தேர்வு பிரதிபலிக்கிறது என்பது இவர்களின் வாதம்.

தேர்வை நீக்கிவிட்டு, நகரின் ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலும் முதன்மை நிலையில் உள்ள மாணவர்களுக்கு இடமளிக்கலாம் என்று அப்போதைய மேயர் பில் டி பிளாசியோ 2018 இல் முன்மொழிந்தார். மாநிலச் சட்டமன்றம் அதை ஏற்கவில்லை. அதே ஆண்டில், டிஸ்கவரி என்ற திட்டத்தை விரிவாக்க நகர நிர்வாகம் முடிவெடுத்தது. கட்-ஆஃப் மதிப்பெண்ணைச் சற்றே தவறவிட்ட, பொருளாதாரத்தில் பின்தங்கிய மாணவர்கள் கோடைக்காலச் சிறப்பு வகுப்புகளை வெற்றிகரமாக முடித்தால் இடம் அளிக்கும் திட்டம் இது. 20 விழுக்காடு இடங்கள் வரை இதற்கு ஒதுக்க இலக்கு வைக்கப்பட்டது. இந்த விரிவாக்கத்தை எதிர்த்து ஆசிய அமெரிக்கப் பெற்றோர் அமைப்புகள் நீதிமன்றம் சென்றன.

வர்ஜீனியா: தேர்வைக் கைவிட்ட பள்ளி

தாமஸ் ஜெஃபர்சன் பள்ளி 1985 இல் வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் அறிவியல் பள்ளியாகத் தொடங்கப்பட்டது. சுருக்கமாக 'டிஜே' என்று அழைக்கப்படும் இப்பள்ளியில் ஃபேர்ஃபாக்ஸ் மட்டுமன்றி லவுடன், பிரின்ஸ் வில்லியம், ஆர்லிங்டன் ஆகிய கவுண்டிகளையும் ஃபால்ஸ் சர்ச் நகரையும் சேர்ந்த மாணவர்கள் படிக்கலாம். வானியல், நரம்பியல், கணினி அமைப்புகள் உள்ளிட்ட துறைகளுக்குத் தனித்தனி ஆய்வுக்கூடங்கள் உள்ளன. இறுதியாண்டில் ஒவ்வொரு மாணவரும் ஆய்வுத் திட்டம் ஒன்றை மேற்கொள்ள வேண்டும். இப்பள்ளி மாணவர்கள் உருவாக்கிய 'டிஜே3சாட்' என்ற சிறிய செயற்கைக்கோள் 2013 நவம்பரில் விண்ணில் செலுத்தப்பட்டது.

2020 வரை இங்கும் தரப்படுத்தப்பட்ட தேர்வுகளே முதல் வடிகட்டியாக இருந்தன. விண்ணப்பிக்க 100 டாலர் கட்டணம் செலுத்த வேண்டும். தேர்வுகளில் தேறியவர்களின் ஆசிரியர் பரிந்துரைகளும் கட்டுரைகளும் அடுத்த கட்டத்தில் பார்க்கப்பட்டன. 2020 இல் சேர்க்கப்பட்ட 486 பேரில் ஆசிய அமெரிக்கர்கள் 73 விழுக்காட்டினர். கறுப்பின மாணவர்களின் எண்ணிக்கை பத்தைக்கூட எட்டவில்லை. பொருளாதாரத்தில் பின்தங்கியோர் 1 விழுக்காட்டுக்கும் குறைவு.

அந்த ஆண்டு டிசம்பரில் ஃபேர்ஃபாக்ஸ் கல்வி வாரியம் சேர்க்கை முறையை அடியோடு மாற்றியது. தேர்வுகளும் கட்டணமும் நீக்கப்பட்டன. சேர்க்கை 550 ஆக உயர்த்தப்பட்டது. ஒவ்வோர் அரசு நடுநிலைப் பள்ளிக்கும், அதன் 8 ஆம் வகுப்பு மாணவர் எண்ணிக்கையில் 1.5 விழுக்காட்டுக்குச் சமமான இடங்கள் ஒதுக்கப்பட்டன. 8 ஆம் வகுப்பில் 600 மாணவர்கள் இருக்கும் பள்ளிக்கு இதன்படி 9 இடங்கள் கிடைக்கும். ஒதுக்கீடு போக எஞ்சும் இடங்களுக்கு மற்ற அனைவரும் பொதுப் போட்டியில் பங்கேற்பர். தனியார் பள்ளி மாணவர்களும் வீட்டிலேயே கல்வி பயில்வோரும் இந்தப் பொதுப் பிரிவிலேயே போட்டியிட வேண்டும்.

விண்ணப்பத்தில் மதிப்பிடப்படுபவை

டிஜே பள்ளிக்கு விண்ணப்பிக்கும் மாணவர் 8 ஆம் வகுப்பில் உயர்நிலை அல்ஜீப்ராவையோ அதற்கும் மேலான கணிதப் பாடத்தையோ படித்துக்கொண்டிருக்க வேண்டும். மதிப்பெண் சராசரி 4 புள்ளி அளவில் குறைந்தது 3.5 ஆக இருக்க வேண்டும். இந்தத் தகுதியைப் பெற்றவர்கள் இரண்டு எழுத்துப் பணிகளை முடிக்க வேண்டும். ஒன்று, தம் திறன்களையும் அனுபவங்களையும் விவரிக்கும் தற்குறிப்பு. மற்றொன்று, கணிதம் அல்லது அறிவியல் சார்ந்த சிக்கல் ஒன்றுக்குத் தீர்வு காணும் கட்டுரை. இரண்டும் மேற்பார்வையில், குறிப்பிட்ட நேரத்துக்குள் எழுதப்படுபவை. வீட்டில் பிறர் உதவியுடன் எழுதி அனுப்பும் வழக்கம் இங்கு இல்லை.

இவற்றுடன் 'அனுபவக் காரணிகள்' எனப்படும் சூழல்களும் கணக்கில் கொள்ளப்படுகின்றன. குடும்ப வருமானம் குறைவாக இருத்தல், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றல், சிறப்புக் கல்வித் தேவை, டிஜே பள்ளிக்கு இதுவரை மிகக் குறைவான மாணவர்களையே அனுப்பிய நடுநிலைப் பள்ளியில் படித்தல் ஆகியவை அக்காரணிகள். மதிப்பீட்டாளர்களுக்கு மாணவரின் பெயர், இனம், பாலினம் ஆகியவை தெரிவிக்கப்படுவதில்லை. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் மட்டுமே வழங்கப்படுகிறது.

புதிய முறையின் முதல் ஆண்டான 2021 இல் 550 இடங்களுக்கு 3,000 பேருக்கு மேல் விண்ணப்பித்தனர். இடம்பெற்றோரில் ஆசிய அமெரிக்கர்களின் பங்கு 54 விழுக்காடாகக் குறைந்தது. கறுப்பின மாணவர்களின் பங்கு ஏறத்தாழ 7 விழுக்காடாகவும், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரின் பங்கு 11 விழுக்காடாகவும் உயர்ந்தது. பொருளாதாரத்தில் பின்தங்கியோர் 25 விழுக்காட்டினராயினர்.

நீதிமன்றத்தில் டிஜே

மாற்றத்தை எதிர்த்துப் பெற்றோர் சிலர் 'டிஜேக்கான கூட்டமைப்பு' என்ற பெயரில் ஒன்றுதிரண்டனர். மும்பையில் பிறந்த பத்திரிகையாளர் அஸ்ரா நோமானி அதன் இணை நிறுவனர்களில் ஒருவர். புதிய விதிகள் இனத்தைக் குறிப்பிடாவிட்டாலும், ஆசிய அமெரிக்கர்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் நோக்கத்துடனேயே வகுக்கப்பட்டவை என்று கூட்டமைப்பு 2021 மார்ச்சில் வழக்குத் தொடுத்தது.

2022 பிப்ரவரியில் மாவட்ட நீதிபதி கிளாட் ஹில்டன் அந்த வாதத்தை ஏற்று, புதிய முறை அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டதால் புதிய முறையே தொடர்ந்தது. 2023 மே மாதத்தில் நான்காவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், 2-1 என்ற பெரும்பான்மையில் ஹில்டனின் தீர்ப்பை மாற்றியது. விண்ணப்பித்தவர்களில் ஆசிய அமெரிக்கர்கள் ஏறத்தாழ 49 விழுக்காட்டினர். இடம்பெற்றோரில் 54 விழுக்காட்டினர். விண்ணப்பித்த விகிதத்தைவிடக் கூடுதலாக இடம்பெற்ற ஒரு பிரிவினருக்குப் பாகுபாடு இழைக்கப்பட்டதாகக் கூற முடியாது என்பது பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம். முந்தைய ஆண்டுகளுடன் ஒப்பிடும்போது ஏற்பட்ட சரிவையே பார்க்க வேண்டும் என்பது எதிர்த் தரப்பின் வாதம்.

இதற்கிடையே 2023 ஜூனில், ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழக வழக்குகளில், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்வதற்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. ஆகவே, இனத்தைக் குறிப்பிடாமல் பன்முகத்தன்மையைப் பெருக்க முயலும் டிஜே போன்ற முறைகள் செல்லுமா என்ற கேள்வி நாடு தழுவிய முக்கியத்துவம் பெற்றது. எனினும், 2024 பிப்ரவரி 20 அன்று டிஜே வழக்கை விசாரணைக்கு எடுத்துக்கொள்ள உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. நீதிபதிகள் சாமுவேல் அலிட்டோ, கிளாரன்ஸ் தாமஸ் ஆகிய இருவரும் இந்த மறுப்புக்கு மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தனர்.

விடுதியுடன் கூடிய மாநிலப் பள்ளிகள்

நகரங்களிலிருந்து தொலைவில், கிராமப்புறங்களில் வாழும் திறமையான மாணவர்களை நியூயார்க்கோ ஃபேர்ஃபாக்ஸோ எட்ட இயலாது. இக்குறையைத் தீர்க்கும் நோக்கில், வட கரோலினா மாநிலம் 1980 இல் டர்ஹம் நகரில் அறிவியல் கணிதப் பள்ளியைத் தொடங்கியது. அமெரிக்காவில் இவ்வகையில் உருவான முதல் அரசு விடுதிப் பள்ளி இதுவே. 10 ஆம் வகுப்பில் விண்ணப்பித்து, 11 மற்றும் 12 ஆம் வகுப்புகளை இங்கு படிக்கலாம். கல்விக்கும் தங்குமிடத்துக்கும் உணவுக்கும் கட்டணம் இல்லை. மாநிலத்தின் எல்லா நாடாளுமன்றத் தொகுதிகளிலிருந்தும் மாணவர்கள் இடம்பெறும் வகையில் சேர்க்கை அமைக்கப்படுகிறது. 2022 இல் மலைப்பகுதி நகரான மார்கன்டனில் இரண்டாவது வளாகம் திறக்கப்பட்டது. நிலவைச் சுற்றிவரும் ஆர்ட்டெமிஸ் 2 பயணக் குழுவுக்குத் தேர்வு செய்யப்பட்ட விண்வெளி வீராங்கனை கிறிஸ்டினா கோக் இப்பள்ளியின் முன்னாள் மாணவி.

இதைப் பின்பற்றி இல்லினாய் மாநிலம் 1980களின் நடுப்பகுதியில் அரோரா நகரில் தன் அகாடமியை நிறுவியது. 1988 இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற லியோன் லெடர்மன் அதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றினார். இங்கு 10 முதல் 12 வரை வகுப்புகள் உள்ளன. யூடியூப் நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஸ்டீவ் சென் இங்கு படித்தவர்.

கணிதப் பாதை முன்பே தொடங்குகிறது

விண்ணப்பம் 8 ஆம் வகுப்பில் அளிக்கப்பட்டாலும், அதற்கான தகுதி அதற்கு முன்னரே தீர்மானமாகிவிடுகிறது. அமெரிக்கப் பள்ளிகளில் எல்லா மாணவர்களும் ஒரே வேகத்தில் கணிதம் பயில்வதில்லை. நடுநிலைப் பள்ளியில் நுழையும்போதே சிலர் விரைவுப் பிரிவிலும், மற்றவர்கள் வழக்கமான பிரிவிலும் சேர்க்கப்படுகின்றனர். வழக்கமான பிரிவில் அல்ஜீப்ரா 9 ஆம் வகுப்பில்தான் வருகிறது. 8 ஆம் வகுப்பில் அல்ஜீப்ரா கட்டாயம் என்று கூறும் டிஜே போன்ற பள்ளியின் கதவு, 6 அல்லது 7 ஆம் வகுப்பில் வழக்கமான பிரிவில் வைக்கப்பட்ட மாணவருக்கு அப்போதே மூடப்பட்டுவிடுகிறது. பெற்றோருக்கு இது பெரும்பாலும் தெரிவதில்லை.

நியூயார்க் தேர்வில் அல்ஜீப்ரா கட்டாயத் தகுதி அல்ல. ஆனாலும் கணித வினாக்களில் அதன் அடிப்படைகள் இடம்பெறுகின்றன. அல்ஜீப்ரா கற்பிக்காத நடுநிலைப் பள்ளியில் படிப்பவர் அதை வெளியில்தான் கற்க வேண்டும்.

புதிதாகக் குடியேறும் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

நியூயார்க், ஃபேர்ஃபாக்ஸ் பள்ளிகளுக்கு வசிப்பிடமே அடிப்படைத் தகுதி. அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை. குடியேற்ற நிலையைக் காரணம் காட்டி ஒரு குழந்தைக்கு அரசுப் பள்ளிக் கல்வியை மறுக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982 இல் பிளைலர் வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. எனவே எச்-1பி விசாவில் பணிபுரிவோரின் குழந்தைகளும் விண்ணப்பிக்கலாம். எனினும், அந்தந்தக் கவுண்டியில் அல்லது நகரில் குடும்பம் உண்மையில் வசிப்பதற்கான வாடகை ஒப்பந்தம் போன்ற சான்றுகள் கேட்கப்படும். விடுதிப் பள்ளிகளுக்கு மாநில அளவிலான வசிப்பு விதிகள் தனியே உள்ளதால், அவற்றைப் பள்ளியிடமே கேட்டுத் தெளிவது நல்லது.

இந்தியாவிலிருந்து நடுநிலை வகுப்பில் மாறிச் செல்லும் மாணவரின் கணித நிலை, சேரும் நாளிலேயே தீர்மானிக்கப்படும். இந்தியப் பள்ளி மதிப்பெண் பட்டியலுடன், கணிதத்தில் எந்தெந்தப் பாடப் பகுதிகள் முடிக்கப்பட்டன என்ற விவரத்தையும் கொண்டு செல்வது பயன்தரும். வழக்கமான பிரிவில் வைக்கப்பட்டால், நிலையறியும் தேர்வு நடத்தி மறுபரிசீலனை செய்யுமாறு பள்ளி ஆலோசகரைக் கேட்கலாம். அமெரிக்கப் பள்ளிகளில் இத்தகைய பணிகளைக் கவனிப்பவர் தலைமையாசிரியர் அல்லர், ஆலோசகரே. தேர்வுக்குப் பதிவு செய்வது, சலுகைக் கால நீட்டிப்புக்கு விண்ணப்பிப்பது ஆகியவற்றிலும் அவரது உதவியை நாடலாம்.

கடைசித் தேதி கடந்த விண்ணப்பங்கள் பொதுவாக ஏற்கப்படுவதில்லை. விண்ணப்பக் காலம் கோடை விடுமுறைக்குப் பின்னர், கல்வியாண்டின் தொடக்க மாதங்களிலேயே முடிந்துவிடும். 8 ஆம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரத்திலேயே தேதிகளை விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இடம் கிடைக்காவிட்டால்?

இப்பள்ளிகளின் முன்னாள் மாணவர் பட்டியலைப் பார்க்கும்போது, அங்கு படித்ததே அவர்களின் வெற்றிக்குக் காரணம் என்று தோன்றக்கூடும். அதைச் சோதிக்க, பொருளியலாளர்கள் அதீலா அப்துல்காதிரோலு, ஜோஷுவா ஆங்ரிஸ்ட், பராக் பதக் ஆகியோர் நியூயார்க், பாஸ்டன் நகரங்களின் தேர்வுப் பள்ளிகளை ஆராய்ந்தனர். கட்-ஆஃபைச் சற்றே தாண்டி இடம்பெற்ற மாணவர்களையும், சற்றே தவறவிட்டு வேறு பள்ளியில் படித்த மாணவர்களையும் அவர்கள் ஒப்பிட்டனர். இரு தரப்பினரும் நுழையும்போது ஏறத்தாழ ஒரே திறன் உடையவர்கள். பின்னர் எழுதிய பொதுத் தேர்வுகளின் மதிப்பெண்களிலும் இவ்விரு தரப்பினரிடையே பெரிய வேறுபாடு இல்லை என்பதே 2014 இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு. ஆங்ரிஸ்ட் 2021 இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

ஆய்வுக்கூடங்களோ, ஒத்த ஆர்வமுடைய நண்பர்களோ பயனற்றவை என்று இதற்குப் பொருளல்ல. தேர்வு மதிப்பெண்களில் பிடிபடாத பயன்களை அந்த ஆய்வு அளக்கவில்லை. ஆனால், ஓரிரு மதிப்பெண்ணில் இடத்தைத் தவறவிட்ட 13 வயதுக் குழந்தையின் எதிர்காலம் அத்துடன் முடிந்துவிடுவதில்லை என்பதை அது உறுதிப்படுத்துகிறது.

இந்தியாவில் ஒப்பிடத்தக்க ஏற்பாடு

அறிவியலுக்கு மட்டும் உரியவை அல்ல என்றாலும், போட்டி முறையில் மாணவர்களைச் சேர்க்கும் அரசுப் பள்ளிகளுக்கு இந்தியாவில் ஜவஹர் நவோதயா வித்யாலயாக்கள் எடுத்துக்காட்டு. 1986 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை அடுத்து நாடு முழுவதும் விரிவடைந்த இந்த விடுதிப் பள்ளிகள், 6 ஆம் வகுப்பில் தேர்வு வழியாக மாணவர்களைச் சேர்க்கின்றன. 2 மணி நேரத் தேர்வில் 80 வினாக்கள் இடம்பெறும். தமிழ்நாட்டில் இப்பள்ளிகள் இல்லை, புதுச்சேரியில் உள்ளன.

நியூயார்க் போன்று இங்கும் தேர்வு மதிப்பெண்ணே அடிப்படை. அதேவேளையில், குறைந்தது 75 விழுக்காடு இடங்கள் கிராமப்புற மாணவர்களுக்கும், மூன்றில் ஒரு பங்கு இடங்கள் மாணவியருக்கும் உறுதி செய்யப்படுகின்றன. பட்டியலினத்தவர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோருக்கான இடஒதுக்கீடும் உண்டு. தேர்வா, சமூக நீதியா என்று அமெரிக்க நீதிமன்றங்களில் இரு துருவங்களாக வாதிடப்படும் இரண்டையும் இந்தியப் பள்ளி ஒரே சேர்க்கை விதிக்குள் வைத்திருக்கிறது. நியூயார்க்கில் அத்தகைய மாற்றம் வேண்டுமெனில் 1971 ஆம் ஆண்டின் சட்டம் திருத்தப்பட வேண்டும். அதுவரை, அந்நகரின் 8 ஆம் வகுப்பு மாணவர்களுக்கு 3 மணி நேரத் தேர்வே ஒரே வழி.